வெட்டிப் போட்ட திட்டு

ரேடியோ திருத்துகிறவனிடம் பேய்க்கதை சொல்லிப் பயமுறுத்த முடியாது. கல்முனையில் நான் கடை வைத்திருந்த காலத்தில் ஜின் பிடித்த ரேடியோக்கள் அடிக்கடி வரும். அணைத்து வைத்த பிறகும் முணுமுணுக்கிறது என்று ஒருவர் கொண்டுவருவார், குழந்தை மாதிரி அழுகிறது என்று இன்னொருவர் துணியில் சுற்றிக் கொண்டுவருவார். கழற்றிப் பார்த்தால் ஒன்றுக்குள் பல்லி முட்டையிட்டிருக்கும், மற்றதில் கண்டென்சர் ஊதிப்போயிருக்கும். ஒருமுறை தாயத்துக் கட்டிய ரேடியோ ஒன்று வந்தது. தாயத்தை அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு அறுந்த வயரை ஒட்டினேன், பாடத் தொடங்கிவிட்டது. உரிமையாளர் தாயத்தைத்தான் முத்தமிட்டார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை, வேறொன்றும் இல்லை.

இதையெல்லாம் முதலில் சொல்லிவைக்கக் காரணம் இருக்கிறது. இனி நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் ஒரு மாதிரிச் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், அந்தச் சிரிப்பை ஊருக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். நம்புங்கள் என்று கெஞ்சப்போவதில்லை. ஆனால் இது நடந்தது, பகல் வெளிச்சத்தில் நடந்தது, என்னோடு நின்றவள் இன்றும் உயிரோடு இருக்கிறாள், இதை எழுதும்போது குசினியில் கறி தாளிக்கிறாள்.

அவள் பெயர் றஹீமா. என் மனைவி. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். வீடும் காணியும் பெண் பேரில் எழுதப்படும், மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு போய் இறங்குவான். நான் பெட்டிகூடக் கொண்டுபோகவில்லை, ஒரு சோல்டரிங் அயனும் உடுக்க இரண்டு சாரமும்தான். அந்த வீடு எப்படி வந்தது என்பது இந்தக் கதைக்கு வேண்டும். ஊருக்கு மேற்கே வயல் தொடங்கும் இடத்தில் என் மாமனாருக்குக் கொஞ்சம் மேட்டுக்காணி இருந்தது, நெல்லுக்கு உதவாது, ஆனால் கீழே நல்ல களிமண். சூறாவளி அடித்து ஊர்க்கூரையெல்லாம் பறந்த பிறகு எல்லோருக்கும் செங்கல் தேவைப்பட்டது. மாமா காணியைக் கல்லறுக்கிறவர்களுக்குத் திறந்துவிட்டார். அந்தக் காணியில் வெட்டிய மண்ணில்தான் ஊரில் பாதிச் சுவர் எழும்பியது, எங்கள் சீதன வீட்டின் சுவரும் அதே மண். றஹீமா சின்ன வயதில் ஆடு மேய்த்த நிலம், சூளையில் வெந்து, எங்களைச் சுற்றி நின்றது. குழி அங்கே, வீடு இங்கே.

கல்லறுப்பு ஓய்ந்தபோது காணி பல் விழுந்த வாய் மாதிரிக் கிடந்தது. பெரியதும் சிறியதுமாக வரிசைக் குழிகள், மழைக்கு நிரம்பும், வெயிலுக்குப் பாதி வற்றும், எருமைகள் கிடக்கும். அந்தச் சமயம் பார்த்து மாமா யாரோடோ நுவரெலியா போனார். அங்கே ஏரியில் படகு ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்தார். வந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"மருமகன், அங்க காசு குடுத்துத் தோணியில ஏறுறானுகள், ஒரு சுத்துச் சுத்துறானுகள், ஏறின இடத்துலயே இறங்குறானுகள்."

"அப்ப எங்கயும் போறல்லியா மாமா?"

"இல்ல. அதான் சங்கதி. எங்கயும் போகாம இரிக்கிறத்துக்குத்தான் காசு. நம்மட ஆக்கள் சும்மாவே எங்கயும் போகாம இரிக்கிறானுகள், அவனுகளத் தோணியில ஏத்தினா என்ன?"

அவருடைய திட்டம் பெரியது. குழிகளுக்கு நடுவே இருந்த வரம்புகளை வெட்டி ஒன்றோடொன்று தொடுத்துவிடுவது, சுற்றிவரக் கரை கட்டுவது, நிழலுக்கு மரம் வைப்பது, ஒரு தேத்தண்ணிக் கடை போடுவது, பெருநாளைக்குச் சம்மாந்துறையிலிருந்தும் காரைதீவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வண்டி கட்டி வருவார்கள். நான் ரேடியோவுக்கு லவுட்ஸ்பீக்கர் மாட்டிப் பாட்டுப் போடவேண்டும். கடற்கரையில் வாங்கிய இரண்டு பழைய தோணிகளுக்கு அன்னம் மாதிரி மூக்கு வைத்து வெள்ளை அடிக்கும் வேலையும் என்னிடம்தான் வந்தது. நான் செய்த அன்னத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெண்பிள்ளை "முதல" என்று அழுதுகொண்டு ஓடியது. இருந்தாலும் நான் மனம் தளரவில்லை. மற்றதற்கும் அதே மூக்கைத்தான் வைத்தேன்.

இந்த வேலைக்கெல்லாம் தலைவன் தவராசா. பாண்டிருப்பு ஆள், என் வயது, கல்லறுப்புக் காலத்தில் மண்வெட்டுகிறவர்களை நடத்தியவன். என்னை அவன் மச்சான் என்பான், நானும் அப்படியே. ஊரில் எனக்கு நீந்தத் தெரியாது என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த ஆம்பிளை நீந்தத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? கடலுக்குப் போனால் முழங்கால் அளவில் நின்று, மூக்கை உறிஞ்சி, அன்றைக்குத் தடிமன் என்பேன். வருடம் முழுக்க எனக்குத் தடிமன்.

இனி அந்தத் திட்டைப் பற்றிச் சொல்கிறேன், இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். குழி வெட்டுகிறவர்களுக்கு எவ்வளவு மண் வெட்டினார்கள் என்று அளந்துதான் கூலி. குழியை அகலமாக வெட்டிக்கொண்டு போனால் பழைய நிலம் எந்த உயரத்தில் இருந்தது என்று பிறகு எப்படித் தெரியும்? அதற்காகக் குழிக்கு நடுவில் ஒரு இடத்தை வெட்டாமல் விடுவார்கள். சுற்றிவர மண் போன பிறகு அது ஒரு தூண் மாதிரி தனியாக நிற்கும், உச்சியில் பழைய புல், பழைய எருக்கலைச் செடி எல்லாம் அப்படியே இருக்கும். நாங்கள் அதை அளவுத்திட்டு என்போம். அளந்து முடிந்ததும் அதையும் வெட்டி எடுத்துவிடவேண்டும். ஆனால் பெரிய குழியின் திட்டை யாரும் வெட்டாமல் விட்டுவிட்டார்கள். குழி நிரம்பும் காலத்தில் திட்டின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தொழுகைக்கு ஒரு முசல்லா விரித்த அகலத்தில் பச்சையாகத் தெரியும், கொக்கு வந்து நிற்கும்.

தோணி ஓடப்போகும் தண்ணீருக்கு நடுவில் அப்படி ஒன்று நிற்கலாமா? வெயில் காலத்தில் பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு அதை வெட்டினார்கள். நான் கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் பார்த்தேன். குழியின் அடியில் நின்று அண்ணாந்தால் அது என்னைவிட இரண்டு ஆள் உயரம். தவராசாவும் ஆட்களும் மேலிருந்து வெட்டிக்கொண்டே வந்து அடிமட்டத்துக்குச் சமப்படுத்தினார்கள். அந்த மண் கூடை கூடையாகத் தேத்தண்ணிக் கடை மேடைக்குப் போனது. திட்டு நின்ற இடம் வழித்த தட்டு மாதிரி ஆனபோது நான் அதன் மேல் நீட்டிப் படுத்து, கபுறுக் குழிக்கு அளவு சரியா என்று பார்க்கச் சொன்னேன். ஆட்கள் சிரித்தார்கள். கரையில் நின்ற மாமா சிரிக்கவில்லை.

"எழும்புங்க மருமகன். மண்ணுக்கிட்டப் பகிடி உடப்படா."

ஆக, அங்கே திட்டு இல்லை. இல்லை என்பதை என் முதுகாலேயே அளந்தவன் நான்.

மழை வந்தது, குழிகள் நிரம்பின, தொடுத்துவிட்ட தண்ணீர் ஒரே ஏரியாகப் பரந்தது. மழை ஓய்ந்து வெயில் திரும்பியதும் உண்மையாகவே அழகாக இருந்தது, சொல்லக்கூடாது, எனக்கே நுவரெலியா போகாமல் நுவரெலியா வந்ததுபோல இருந்தது. திறப்பு விழாவுக்கு முன் மாமாவுக்கு ஒரு ஆசை. காணி றஹீமா பேரில் இருப்பது, ஆகவே முதல் தோணியில் அவள்தான் ஏறவேண்டும், அவளுக்கு நல்ல கைராசி. ஆட்கள் பார்க்கப் பெண்பிள்ளை ஏறுவது சரியில்லை என்பதால், ஆம்பிளைகள் லுஹர் தொழப் போகிற நடுப்பகலில் ஏற்றுவது என்று முடிவாயிற்று. கரையில் பாத்திஹா ஓதி வாழைப்பழம் பங்கிட்டார்கள், பிறகு மாமாவும் மற்றவர்களும் பள்ளிக்குப் போனார்கள். தவராசா கடை மேடையில் சோற்றுப் பொதியை அவிழ்த்தான்.

"மச்சான், சவள் வலிக்க நான் வரட்டா? ஒனக்குத் தடிமன்தானே?"

"புருசனும் பொஞ்சாதியும் போற தோணியில நீ எதுக்குடா? சோத்தத் தின்னு."

அது வாய்க்கொழுப்பு. துடுப்பு வலித்தே பழகாத கையால்தான் சவளைப் பிடித்தேன். றஹீமா முன்பக்கம் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள், குடை பிடித்திருந்தாள். காற்று இல்லை. தோணி நான் இழுத்த பக்கம் போகாமல் தன் இஷ்டத்துக்குப் போனது. பயத்தை மறைக்க நான் வழிகாட்டி வேலை தொடங்கினேன்.

"துரைசானி, வலப்பக்கம் பாருங்க, அதுதான் உலகப் புகழ்பெற்ற எருமக் கிடங்கு. இடப்பக்கம் தெரியிறது தவராசா மலை, சோறு தின்னுது."

அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "வாய மூடிட்டு வலிங்க, தோணி வட்டம் போடுது" என்றாள். கல்யாணம் முடித்துக் கொஞ்சக் காலம்தான், அவள் சிரிப்பதற்காக நான் என்னவும் பேசுவேன். பேசிக்கொண்டே இருந்தேன். எப்போது அவள் சிரிப்பை நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் பெரிய குழியின் நடுவுக்கு வந்திருந்தோம். அவள் குடையை மடக்கினாள். பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால் எப்படிச் செய்வாளோ அப்படி, முக்காட்டைச் சரிசெய்தாள், சேலைக் கரையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். யாருக்கோ பதில் சொல்வதுபோல, சாதாரணமாக, "ஓம், வாறன்" என்றாள். பிறகு எழும்பி, தோணியின் விளிம்பைத் தாண்டி, இறங்கினாள்.

தோணியில் போனவர்களுக்குத் தெரியும், ஒரு ஆள் விளிம்பில் கால் வைத்தால் அது அந்தப் பக்கம் சரியும், தண்ணீர் ஏறும். அன்று தோணி அசையக்கூட இல்லை. அவள் தண்ணீரில் நின்றாள். கணுக்கால் நனைகிற அளவு தண்ணீர். என் பக்கம் திரும்பவில்லை. நான் இன்னும் சவளை வலித்துக்கொண்டிருந்தேன், வாயில் பாதிப் பகிடி இருந்தது, தோணி அவளைக் கடந்து மெல்ல நழுவிப் போனது. என் மனைவி ஒரு ஏரியின் நடுவில் நிற்கிறாள், நான் அவளைக் கடந்து போகிறேன். இதைச் சொல்லும்போது கத்தியிருப்பேன் என்று நினைப்பீர்கள். கத்தவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் வாய் எப்படித் தடித்து யாருடையதோ மாதிரி ஆகிவிடும், அப்படி எனக்கு உடம்பு முழுக்க ஆகிவிட்டது. பயம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. 'இங்கே திட்டு இல்லையே' என்று கணக்கு வாத்தியார் மாதிரி ஒரு யோசனை மட்டும் ஓடியது.

பிறகு அவள் முன்னால் நடக்கப்போனதைக் கண்டேன். ஒரு காலைத் தூக்கி வைக்கப் பார்த்தாள். அப்போதுதான் நான் எழும்பினேன். தோணியில் எழும்பக்கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அது என் முதலை மூக்கோடு கவிழ்ந்தது, நான் தலைகீழாகப் போனேன். வாய் நிறையச் செங்கல் தண்ணீர். கீழே கால் எட்டவில்லை, இதையும் சொல்லிவிடவேண்டும், கால் எங்கேயும் எட்டவில்லை. கையை விசிறியதில் துணி அகப்பட்டது. றஹீமாவின் சேலை. அதைப் பிடித்து இழுத்து ஏறினேன், முழங்கால் எதிலோ பட்டது, பிறகு உள்ளங்கை பட்டது. புல். தண்ணீருக்கடியில் வளரும் பாசி இல்லை, ஆடு கடித்து மிச்சம் விட்ட கட்டைப் புல். அதன் மேல் எழும்பி நின்றேன்.

இரண்டு பேர் நெருங்கி நிற்க இடமிருந்தது. நான் அவளுக்குப் பின்னால் நின்று இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். ஒரு காலால் முன்னால் தடவினேன், விளிம்பு இருந்தது, விளிம்புக்கு அப்பால் ஒன்றும் இல்லை. அவளோ அந்தப் பக்கம்தான் போக நின்றாள். இழுபறி என்று சொல்லமுடியாது, அவள் என்னைத் தள்ளவில்லை, திமிறவில்லை. ஆனால் வண்டிமாடு நுகத்தைச் சாய்க்கிற மாதிரி முழு உடம்பும் முன்னால் சாய்ந்துகொண்டே இருந்தது. அவள் என்னைவிடச் சின்ன ஆள், நெல் மூட்டையைத் தூக்கமாட்டாள், அன்று அவளைப் பிடித்துவைக்க என் தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது.

"றஹீமா. புள்ள. இஞ்ச பாரு. நான்தான்."

கேட்கவில்லை. அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். முகத்தில் பயமோ மயக்கமோ இல்லை. கண்ணைக் கொஞ்சம் இடுக்கிக்கொண்டு, வெயிலில் தூரத்தைப் பார்க்கிறவள் மாதிரி, லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் நில்லுங்க, வாறன்தானே" என்றாள், எனக்கல்ல.

ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினேன், நடுவில் மறந்துவிட்டது, மறுபடி தொடங்கினேன், மறுபடி அதே இடத்தில் நின்றது. பிறகு எனக்குத் தெரிந்த பகிடி எல்லாவற்றையும் சொன்னேன். நம்பினால் நம்புங்கள், ஏரி நடுவில் வெட்டிப்போட்ட திட்டின் மேல் நின்றுகொண்டு, மனைவியை இடுப்பில் பிடித்துக்கொண்டு, கழுதை வாங்கப் போனவன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பகிடிக்காவது அவள் சிரித்தால் திரும்பிவந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஒன்றுக்கும் சிரிக்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு மோசமாக நான் பகிடி விட்டதில்லை.

தவராசா மற்றத் தோணியில் வந்தான். தூரத்தில் வரும்போதே அவன் கத்தியது கேட்டது.

"என்ன மச்சான், நடுத்தண்ணிக்குள்ள நிண்டு கலியாணப் போட்டோவா புடிக்கிறியள்?"

கிட்டே வர வர அவன் சத்தம் குறைந்தது. எங்கள் கால்களைப் பார்த்தான். தோணியை ஒட்டிக் கொண்டுவந்தான். நான் றஹீமாவைத் தூக்கி உள்ளே சாய்த்தேன், அவள் ஒரு பாய்ச்சுருள் மாதிரி விழுந்தாள், விழுந்ததும் பெரிதாக மூச்சு இழுத்து அழத் தொடங்கினாள், குழந்தை பிறந்ததும் அழுமே அப்படி. அவளுடைய கால் திட்டை விட்ட அந்த நொடியில் என் காலுக்குக் கீழே இருந்தது இல்லாமல் போனது. இடிந்து விழவில்லை, கரையவில்லை. இருந்தது, இல்லை. நான் நேராகக் கீழே போனேன். தவராசா என் தலைமயிரைப் பிடித்துத்தான் இழுத்தான். அதனால்தான் அந்த இடத்தில் எனக்கு வழுக்கை என்று சொல்லித் திரிந்தேன் பல காலம்.

தோணியில் கிடந்து நான் வாந்தியெடுத்துக்கொண்டிருக்க, தவராசா கையிலிருந்த மூங்கில் கம்பை நாங்கள் நின்ற இடத்தில் இறக்கினான். அது கை முட்டும்வரை போனது. தோளை நனைத்துக்கொண்டு குனிந்து இன்னும் இறக்கினான். சுற்றிவரக் குத்திப் பார்த்தான். கம்பை எடுத்து மடியில் வைத்து, நனைந்த நீளத்தைச் சாணால் அளந்தான்.

"நான்தானே மச்சான் வெட்டினன்" என்றான்.

"ஓம்."

"நீ மேல படுத்தாய்தானே."

"ஓம், படுத்தன்."

"அப்ப சரி" என்று கரைக்கு வலித்தான். என்ன சரி என்று நானும் கேட்கவில்லை.

மாமாவிடம் தோணி கவிழ்ந்தது என்று மட்டும் சொன்னோம். அவர் என் அன்னத்தின் மூக்கில்தான் பாரம் கூட என்று அதை வெட்டி எறிந்தார். திறப்பு விழா நடந்தது, லவுட்ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டேன், பெருநாளைக்குச் சனம் நெருக்கியடித்து வந்தது. எத்தனையோ தோணி அந்த இடத்தின் மேலால் போனது, வந்தது. ஒன்றும் எதிலும் தட்டவில்லை, யாரும் இறங்கவில்லை. நான் கரையில் டிக்கட் கிழித்துக்கொண்டு ஒவ்வொரு தோணியும் நடுவைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். மரத்துப்போன அந்த உணர்வு மட்டும் போகவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், கடையில் பகிடி விட்டேன், எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ செய்கிற மாதிரி. றஹீமா சாதாரணமாக இருந்தாள். என்ன கண்டாய் என்று கேட்டால் "உடுங்க" என்பாள். கேட்பதை விட்டேன்.

பிறகு நாட்டு நிலைமை கெட்டது. படகுச் சவாரிக்கு யார் வருவார்கள்? கடை பூட்டப்பட்டது, தோணிகள் கரையில் கிடந்து உக்கின. ஊரில் பதற்றமான ஒரு சமயம் நாங்கள் வரிப்பத்தான்சேனையில் சொந்தக்காரர் வீட்டில் போய் இருந்தோம். அங்கே ஒரு பின்னேரம், மழை, பிள்ளைகள் உள்ளே விளையாடுகிறார்கள், றஹீமா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு, நான் கேட்காமலே, சொன்னாள்.

"தண்ணியே இருக்கல்ல."

"எங்க?"

"அண்டைக்கு. தோணி நிண்டிச்சு, கீழ நம்மட காணி. நான் ஆடு மேய்ச்ச காணி. புல்லு. அங்கால நம்மட ஊடு நிண்டிச்சு."

"நம்மட ஊடு காணியிலயா? அது தெருவுலல்லோ கிடக்கு."

"காணியில நிண்டிச்சு. நீலம் அடிச்சிருந்த."

அப்போது எங்கள் வீடு பூசாத செங்கல். 'ஓம், வாறன்' என்று யாருக்குச் சொன்னாய், வாசலில் யார் நின்றது என்று கேட்டேன்.

"நீங்கதான். வயசுபோன மாதிரி. தாடியெல்லாம் வெள்ள. ஒரு கண்ணுல வெள்ளத் துணி ஒட்டியிருந்த. 'இஞ்ச வா புள்ள, வெயில் ஏறுது' எண்டு கூப்பிட்டீங்க. நான் வாறன் எண்டன். ஆனா பின்னுக்கு யாரோ புடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தாங்க. எனக்கு உங்களுக்கிட்ட வரணும் போல இருந்திச்சு."

"புடிச்சது நான்தான்டி."

"ஓம்" என்றாள், "இப்ப தெரியுது" என்று சுளகைப் புடைத்தாள்.

ஒற்றைக் கண் கடற்கொள்ளைக்காரனையா கட்டினாய் என்று ஏதோ சொன்னேன், இரண்டு பேரும் சிரித்தோம், விஷயம் முடிந்தது. முடிந்ததாக வைத்துக்கொண்டோம். மாமா வயது போய் மௌத்தானார். தவராசா குடும்பத்தோடு தூர இடம் போய்விட்டான். ஏரி இப்போது தாமரையும் நீர்க்காகமுமாகக் கிடக்கிறது, சனங்கள் அது இயற்கையாக உண்டான குளம் என்று நினைக்கிறார்கள்.

இந்த வருடம் எனக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்தது. மகன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இடது கண்ணுக்கு ஒப்பரேசன் செய்வித்தான். வெட்டியெடுத்து வில்லை வைப்பது, பெரிய விஷயமில்லை, எல்லோருக்கும் செய்கிறார்கள். திரும்பி வந்தால் வீடு நீலமாக நிற்கிறது. வாப்பா வர முதல் அடித்து முடிக்கவேண்டும் என்று மகன் அவசரமாக ஆள் பிடித்து அடித்திருக்கிறான், கடையில் அந்த நிறம்தான் இருந்ததாம். நான் ஒன்றும் நினைக்கவில்லை, மெய்யாகவே நினைக்கவில்லை, நிறம் நன்றாயிருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

மறுநாள் பகல், கண்ணில் ஒட்டிய வெள்ளைத் துணியோடு, காற்றுக்காக வாசலில் வந்து நின்றேன். றஹீமா பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கோப்பையோடு வந்துகொண்டிருந்தாள். நல்ல வெயில், முக்காட்டை இழுத்துக்கொண்டு கேற்றடியில் செருப்பைத் தேடினாள். பாவம், வயது போய்விட்டது, கால் சுடுமே என்று வாயைத் திறந்தேன். 'இஞ்ச வா புள்ள' என்ற சொல் நாக்கில் வந்துவிட்டது. அப்போதுதான் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பார்த்தபடி நின்றாள். கோப்பையிலிருந்த கறி ஆணம் சரிந்து மண்ணில் ஊற்றியது, அவள் கவனிக்கவில்லை.

நான் வாயை மூடினேன். உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். அவள் மெல்லத் திரும்பி, வேலியைச் சுற்றி, பின்பக்கத்தால் குசினிக்குள் போனாள்.

எனக்குப் பெரிய சந்தோஷம். ஆயுள் முழுக்க வாயை மூடத் தெரியாதவன் மூடவேண்டிய நேரத்தில் மூடிவிட்டேன். குசினிக்குப் போய், "பாத்தியா புள்ள, தப்பிட்டம், நான் கூப்பிடல்ல" என்றேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கண்ணெண்டு நான் சொல்லல்லியே" என்றாள்.

"எந்தக் கண்?"

"ஞாபகம் இல்ல."

வலது கண்ணிலும் வெள்ளை படர்ந்துகொண்டு வருகிறது. டாக்டர் திகதி தந்தார், நான் போகவில்லை. மறுபடி தந்தார், தடிமன் என்றேன். மகன் ஏசுகிறான், ஊசிக்குப் பயந்த கிழவன் என்று பேரப்பிள்ளைகள் பகிடி பண்ணுகிறார்கள், செய்த கண்ணுக்குக் கண்ணாடி எடுக்கவும் போகாமல் பத்திரிகையை மூக்கில் ஒட்டிப் படிக்கிறேன், போன கிழமை சீனி என்று உப்பைப் போட்டுத் தேத்தண்ணி குடித்தேன். வீட்டில் எல்லோரும் ஒருவர் மாற்றி ஒருவர் போங்க, போங்க என்கிறார்கள். றஹீமா மட்டும் இதுவரை ஒருநாளும் போகச் சொல்லவில்லை.